முதல் அரைமணி

அவர் யாரிடமும் பேசுகிற முதல் வாக்கியம் "இல்ல" என்றுதான் முடியும். "நான் ஹார்ட் டாக்டர் இல்ல." "நான் எலும்பு டாக்டர் இல்ல." ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். டாக்டரம்மாவின் இடது கை நோயாளியின் கழுத்தில் நாடியைத் தேடும், வலது கை ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருகும். கண் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருக்கும். வாய் மட்டும், கூட வந்தவர்களில் யார் அதிகமாக நடுங்குகிறாரோ அவருக்கென்று பேசும்.

"நான் எம்.பி.பி.எஸ். மயக்கம் குடுக்கறதுக்கு மேல்படிப்பு படிச்சேன், ரெண்டு தடவ பரீட்சை எழுதி ஃபெயில். ஹார்ட் டாக்டர் இல்ல. முதல் அரைமணி நேரம் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அப்புறம் செய்யத் தெரிஞ்சவங்க வேற இருக்காங்க. அவங்ககிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

வந்தவர் எதற்காக வந்திருக்கிறாரோ அதற்கேற்ப நடுவில் உள்ள ஒரு சொல் மட்டும் மாறும். மற்றபடி பால்காரனுக்கும் இதுதான், பேங்க் மேனேஜருக்கும் இதுதான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்குப் பின்னால் இரண்டு எழுத்துச் சேர்த்துப் படிக்க யாராவது வருவார்கள். அந்த இரண்டு எழுத்து ஒட்டாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையைத் தாண்டி, தாம்பரம் வருவதற்கு முன்னால், ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே வரவேற்பு மேஜை என்னுடையது. பி.காம். முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பா பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் கூலி வேலை செய்தார். என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று ஒரு பலகையில் எழுதி வாசல் கதவில் அடித்தவர் அவர். எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் ஆணியை அடித்தாராம்.

டாக்டரம்மாவின் வாக்கியத்தை நான் முதலில் கேட்டது, குரோம்பேட்டை மார்க்கெட்டில் வாழைக்காய் விற்கிற ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்த அன்று. அவர் மனைவி கூடவே ஓடி வந்திருந்தார், கையில் இருந்த தராசுக் கல்லைக்கூடக் கீழே வைக்காமல். ஹார்ட் டாக்டர் இல்லை, பரீட்சையில் ஃபெயில் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்துவிட்டது.

"அப்பறம் இன்னாத்துக்குமா நீ இங்க நின்னுகினு கீற?"

டாக்டரம்மா ஊசியை ஏற்றியபடியே, நிமிராமல், சாதாரணமாகச் சொன்னார்: "ஹார்ட் டாக்டர்கிட்ட இவரு உயிரோட போய்ச் சேரணும் இல்லம்மா. அதுக்குத்தான்."

சொன்னபடி வேனில் அவரும் ஏறினார். ஆம்புலன்ஸ் என்று பக்கவாட்டில் எழுதியிருந்த அந்தப் பழைய வேனில் உட்கார ஒரு மரப்பெட்டிதான் உண்டு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பி வந்து, விட்ட இடத்தில் சாப்பாட்டைத் தொடர்ந்தார். வாழைக்காய்க்காரர் பிழைத்து, மறுபடியும் மார்க்கெட்டில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா சாப்பிடும்போதும் தட்டை வாசலைப் பார்த்துத்தான் வைப்பார். சேலை இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி ஒரு ஸ்பேனர் தொங்கும். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற ஸ்பேனர் அது. எந்த ஆஸ்பத்திரியிலும் அவசரத்துக்குத் தொலைந்துபோகிற முதல் சாமான் அதுதான் என்பார். மூன்று இடங்களில் அவருக்கு வேலை. எங்களிடம் பெரும்பாலான நாட்கள், பல்லாவரத்தில் சில காலைகள், படப்பையில் வாரத்தில் ஒரு நாள். ஒரு மொபெட்டில், முன்னால் பையை வைத்துக்கொண்டு, அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருப்பார். எந்த ஆஸ்பத்திரி டாக்டர் நீங்கள் என்று கேட்டால், "இன்னிக்கு இந்த ஆஸ்பத்திரி" என்பார்.

அந்தக் காலத்தில் கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு டூட்டி டாக்டர் என்று பெயர். டாக்டர்களிலேயே கடைசி வரிசை. மேல்படிப்புக்கு இடம் கிடைக்கிறவரை ஒண்டிக்கொள்கிற இடம். அதையே வேலையாக வைத்துக்கொண்டவர் என்று நான் பார்த்தது இவரைத்தான். அதிலும் பெண். லேடி டாக்டர் என்றால் பிரசவம் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நிறைமாதப் பெண்கள் நேராக இவரிடம் வருவார்கள். "நான் பிரசவ டாக்டர் இல்ல. மாடியில இருக்காங்க" என்று கையைப் பிடித்துப் படியேற்றி விடுவார். அதே சமயம், லாரியில் அடிபட்டு வந்த ஆள் ரத்தம் ஒழுக ஒழுக, வேறு டாக்டர் இல்லையா என்று என்னிடம் கேட்பான்.

எதிரே ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே மூர்த்தி என்று ஒரு டிரைவர். அரைமணி டாக்டர் என்று டாக்டரம்மாவுக்குப் பட்டம் கட்டியவன் அவன்தான். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் கட்டினான். "இன்னா பி.காம், உங்க அரைமணி வந்துட்ச்சா?" என்று என்னைக் கேட்பான். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. போகப்போகக் கிண்டல் தேய்ந்து, பட்டம் மட்டும் மிச்சமாயிற்று.

எல்லோரும் மூர்த்தியைப்போல மாறிவிடவில்லை. ஒரு நாள் அனகாபுத்தூரில் இருந்து ஒரு குடும்பம், மாடியில் இருந்து விழுந்த வாலிபனைக் கொண்டுவந்தது. நான் மூளை டாக்டர் இல்ல என்று இவர் ஆரம்பித்ததும், அவனுடைய மாமா, தூக்குடா என்று சொல்லிவிட்டார். இவர் எவ்வளவோ சொல்லியும், கழுத்தை அசைக்காமல் இருக்கவாவது விடுங்கள் என்று கெஞ்சியும், வந்த காரிலேயே திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. இவர் ரோட்டோரம் வரை போய், கார் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேல்தான். "மேடம், ஒரு வார்த்தை கொறைச்சு சொல்லியிருந்தா இருந்திருப்பாங்க இல்ல?"

"இருந்திருப்பாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, "கையில இருக்கறத விட அதிகமா சொல்லிட்டேன்னா, அப்புறம் எனக்கே எது இருக்கு எது இல்லன்னு கொழம்பிடும்பா" என்றார். அது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. இன்றைக்கும் முழுசாகப் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அன்று சாயந்திரம் அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் டாக்டர் போர்டை அளக்கத் தெரியும். பெயருக்குக் கீழே இருக்கிற வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய டாக்டர். அப்பா மட்டும் இல்லை, அவரோடு தோல் கம்பெனியில் வேலை செய்த எல்லோருக்கும் அதுதான் கணக்கு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய வரி சுவரின் மூலைவரை வந்து, இடம் போதாமல் அடுத்த சுவரில் திரும்பியிருந்தது. அப்பாவுக்கு அவரைப் பார்க்காமலேயே அவர்மேல் அப்படி ஒரு மரியாதை.

நர்சிங் ஹோமின் சொந்தக்காரரும் இதை அறிந்தவர்தான். அவர் சர்ஜன். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். கெட்டவர் இல்லை. டாக்டரம்மாவின் கை எப்பேர்ப்பட்டது என்று அவருக்குத் தெரியும். நோயாளிக்கு மூச்சு முட்டும்போது தொண்டைக்குள் குழாயை இறக்க இந்தக் கைபோல இன்னொரு கை இந்த ரோட்டில் இல்லை என்று எங்கள் காதுபடச் சொல்வார். கட்டடத்தை இழுத்துக் கட்டி, பெரிதாகத் திறப்பு விழா வைத்து, வாசலில் ஆள் உயரத்துக்குப் புது போர்டு மாட்டுவது அவருடைய திட்டம். அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா மறுபடியும் டி.ஏ. என்கிற மயக்கவியல் டிப்ளமா பரீட்சை எழுத லீவு போட்டார்.

அவர் போன நாட்களில் போர்டு எழுதுகிறவர் வந்துவிட்டார். எல்லா டாக்டர் பெயரும் எழுதியாயிற்று. டாக்டரம்மா பெயர் வந்ததும் பெரிய டாக்டர் யோசித்தார். இந்தத் தடவை நிச்சயம் பாஸ்தான், ரிசல்ட் வந்த பிறகு பெயிண்டரை இன்னொரு தடவை யார் கூப்பிடுவது என்று, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் டி.ஏ. என்றும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார். அதோடு வரி இன்னும் குட்டையாகத் தெரிகிறதே என்று, பல்லாவரம், படப்பை மருத்துவமனைகளின் சிறப்பு ஆலோசகர் என்றும் கீழே ஓட்டச் சொன்னார். பாசத்தில் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊரில் பிள்ளை பாஸாகும் என்று முன்கூட்டியே மிட்டாய் வாங்கி வைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்களே, அப்படி.

ரிசல்ட் என்ன என்று எங்களுக்குத் தெரியவந்த விதம் வேறு. பரீட்சை எழுதி, ரிசல்ட்டும் தெரிந்துகொண்டு டாக்டரம்மா திரும்பி வந்தது ஒரு மத்தியானம். நேராக உள்ளே வந்தார். உள்ளே, சைக்கிளில் இருந்து விழுந்து கை திரும்பிக்கொண்ட ஒரு வாத்தியார் காத்திருந்தார். அவரிடம் வழக்கம்போல ஆரம்பித்தார்: "நான் எலும்பு டாக்டர் இல்ல சார். நான் எம்.பி.பி.எஸ். மயக்கம் குடுக்கறதுக்குப் படிச்சேன், மூணு தடவ எழுதி ஃபெயில்."

நர்சு என்னைப் பார்த்தார். நான் நர்சைப் பார்த்தேன். ரெண்டு, மூணு ஆகியிருந்தது. குரல் அதே குரல். வாத்தியார் மட்டும் பாவம், "விடுங்கம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று கை வலியோடு ஆறுதல் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஃபெயில் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு ஒரு தடவை கணக்கில் போனபோது, அம்மா தெருவில் எனக்கு அம்மை என்று சொல்லிவிட்டாள். இந்த மனுஷி அதை நாடி பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

வாத்தியாரை அனுப்பிவிட்டு வெளியே வந்தவர் கண்ணில் போர்டு பட்டது. சுவரில் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். வெள்ளைப் பரப்பில் நீல எழுத்து. அவர் அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழே படித்தார். பிறகு பெயிண்டரிடம், தன் வரியில் எம்.பி.பி.எஸ். தவிர மற்றதை அழிக்கச் சொன்னார். பெயிண்டருக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷத்தில் சேர்க்கச் சொன்ன டாக்டர்களைத்தான் பார்த்திருக்கிறேன், குறைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, முதலாளி சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார். டாக்டரம்மா அவருடைய டர்பன்டைன் டப்பாவில் ஒரு பஞ்சை முக்கினார். குந்தி உட்கார்ந்து, புண்ணைத் துடைப்பதுபோல நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, எழுத்து எழுத்தாகத் துடைத்தார். பாதி காய்ந்த பெயிண்ட் முழுசாகப் போகவில்லை. நீலமாக ஒரு கறை நின்றது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவர் கத்துகிறவர் இல்லை. எப்படியும் அடுத்த தடவை வாங்கப்போகிற பட்டம்தானே, ஆறு மாதம் முன்னால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

"வாங்கின அன்னிக்கு நானே பெயிண்டரக் கூட்டிட்டு வரேன் சார்."

"படப்பையில நீங்க வேல பாக்கறது நெஜந்தானே?"

"படப்பையில செவ்வாக்கெழம ஒரு நாற்காலியில உக்கார்றேன் சார். சிறப்பு ஆலோசனை யாரும் கேட்டதில்ல."

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டார். பிறகு உள்ளதைச் சொன்னார். கடன் வாங்கிக் கட்டிய கட்டடம். மொட்டையாக ஒரு எம்.பி.பி.எஸ்.ஸைக் கேஷுவாலிட்டியில் வைத்தால் ஜனம் கேட்டைத் தாண்டிப் போய்விடும். டி.ஏ. முடித்த ஒரு பையன் வேலை கேட்டுக்கொண்டிருக்கிறான். திறப்பு விழாவுக்குள் இவர் மனசு மாறாவிட்டால், அந்தப் பையனைப் போட வேண்டியிருக்கும். "எனக்கு வேற வழி இல்லம்மா."

"சரி சார்" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். போய், அன்றைய டார்ச் லைட் பேட்டரிகளைச் சோதித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். கதை முடிகிறவரை கேட்ட அப்பா, தட்டில் இருந்து கையை எடுத்தார்.

"மூணு தபா ஃபெயிலா?"

"அதில்லப்பா..."

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மாகிட்ட மட்டும் என்ன இட்டுகினு போவாத, சொல்டேன்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு அதுவரை தலைவலிகூட வந்ததில்லை.

அடுத்த வாரம், காலை பதினோரு மணி இருக்கும், மூர்த்தியின் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. நான் மேஜையில் இருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே அப்பா. முதலில் அவர் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதிக் கண் மூடியிருந்தது. உதடு இரண்டும் தடித்து வெளியே பிதுங்கியிருந்தது. மூச்சை இழுக்கும்போது ரம்பம் அறுப்பதுபோல ஒரு சத்தம். கம்பெனியில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டையைப் புரட்டியபோது குளவிக் கூடு கலைந்து, கழுத்திலும் முகத்திலும் கொட்டிவிட்டது என்று கூட வந்த ஏழுமலை மாமா அழுதுகொண்டே சொன்னார். மாமா என்றால் சொந்தமில்லை, அப்பாவோடு தோல் ஊறவைக்கிற ஒரே தொட்டியில் வேலை செய்கிறவர்.

கையைப் பிடித்து இறக்கப்போனேன். அப்பா வரவில்லை. ஆட்டோவின் இரும்புக் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். மறு கையால் ரோட்டைக் காட்டினார். போ, போ என்று. வாயில் இருந்து சொல் வரவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. ஏழுமலை மாமாவுக்கும் புரிந்தது. "கேட்டுக்கு அந்தாண்ட போவலாம்னு கேக்குறாரு. வுடுப்பா, அங்கியே போயிடலாம்" என்றார்.

மூர்த்தி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "வண்டி போவாது. எறக்கு."

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். ஆட்டோவிலேயே, உட்கார்ந்த நிலையிலேயே, வேட்டியோடு சேர்த்து அப்பாவின் தொடையில் ஊசியைக் குத்தினார். குத்திக்கொண்டே என்னைப் பார்த்தார். அங்கே அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது நான்தான். அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கென்று சொல்லிக் கேட்டது அன்றுதான். ஆனால் இந்தத் தடவை என்னிடம் தொடங்கி, பாதியில் அப்பா பக்கம் திரும்பிவிட்டார்.

"நான் தொண்ட டாக்டர் இல்ல" என்றார். "ஐயா, உங்க மகன் சொல்லியிருப்பாரு. மயக்கம் குடுக்கற படிப்பு, மூணு தடவ ஃபெயில். அது உண்மதான்."

எனக்கு அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. இந்த ஒரு தடவை, இந்த ஒரு ஆளிடம் சொல்லாமல் விட்டால் என்ன?

"கேட் இப்ப மூடியிருக்கு. சிக்னல் இங்கருந்தே தெரியுது. அது தொறந்து நீங்க அந்தப் பக்கம் போற வரைக்கும் இந்தத் தொண்ட தாங்காது. ஊசி வேல செய்ய நேரம் எடுக்கும், அதுக்குள்ள வழி அடைச்சிடும். அந்த வழியத் தொறந்து வைக்க எனக்குத் தெரியும். குழாய் போடப் பாப்பேன். போகலன்னா கழுத்துல கீறுவேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அப்பாவின் கை கம்பியில் இருந்து நழுவியது. அவராக விட்டாரா, நினைவு தப்பி விட்டதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மூர்த்தியும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உள்ளே நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை. அவர் தலைமாட்டில் நின்று, அப்பாவின் தாடையைத் தூக்கி, வெளிச்சக் கருவியை வாய்க்குள் விட்டு, வீங்கிய சதைக்கு நடுவே எதையோ தேடியது தெரிந்தது. ஒரு தடவை வெளியே எடுத்தார். "கத்தி எடுத்து வைங்க" என்றார் நர்சிடம், உப்பு எடுத்து வைங்க என்கிற குரலில். மறுபடியும் குனிந்தார். அந்த நேரத்தில்தான் ரயில் கேட்டைக் கடந்துபோகிற சத்தம் கேட்டது, நீளமாக, முடியாமல். ரயில் போன பிறகு அறையில் வேறொரு சத்தம் கேட்டது. அப்பாவின் நெஞ்சு ஒழுங்காக, மெதுவாக, மூச்சு விடுகிற சத்தம். கத்தி தட்டிலேயே இருந்தது.

வேனில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பட்டணம் வரை கையால் ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், சின்ன வயசு, குழாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றார் இவர். எங்கே டிரெயினிங், என்ன குவாலிஃபிகேஷன் என்று கேட்டபோது, வாழைக்காய்க்காரர் மனைவியிடம் சொன்ன அதே வரிசையில், அதே குரலில் சொன்னார். பிறகு என்ன மருந்து, எப்போது கொடுத்தார் என்பதைச் சொல்லி, "ஆட்டோவுல வரும்போது எவ்வளவு நேரம் காத்து பத்தாம இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. அத நீங்கதான் பாத்துக்கணும்" என்று முடித்தார். அந்த டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார். இவர் உட்காரவில்லை. மின்சார ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அப்பா பிழைத்தார். குரல் மட்டும் கரகரவென்று ஆகிவிட்டது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பெரிய டாக்டர் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஸ்வீட் கொடுத்தார். அடிபட்ட கேஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். டி.ஏ. முடித்த புது டாக்டர் வரப்போகிறார், இனிமேல் தைரியமாகக் கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூர்த்தி லட்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அப்ப அந்தம்மா?"

பல்லாவரத்தில் இருப்பார்கள் என்றார் பெரிய டாக்டர்.

"சரி சார். அப்ப நாங்க பல்லாவரம் போவோம்." லட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தான். "போர்டு பாத்து வண்டி ஓட்றதில்ல சார். எங்களுக்குப் படிக்க ஏது டைமு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் போர்டு மாட்டியபோது டாக்டரம்மாவின் பெயர் அதில் இருந்தது. எல்லோருக்கும் கீழே, கடைசியில், எம்.பி.பி.எஸ். மட்டும். பக்கத்தில் நீலக் கறை அப்படியே இருந்தது. பெயிண்டர் மறுபடி வரவில்லை. கடைசியில் போட்டுவிட்டார்களே மேடம் என்று நான் வருத்தப்பட்டேன். "நல்லதுதான். ஸ்ட்ரெச்சர்ல படுத்து வர்றவங்களுக்கு அந்த ஒயரத்துலதான் தெரியும்" என்றார்.

அந்த டிப்ளமாவை அவர் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் அவர் தெற்கே எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார். போகிறவரை மூணு என்பது நாலாகவும் ஆகவில்லை, பாஸ் என்றும் ஆகவில்லை. எழுத நேரமில்லை என்றார் ஒரு தடவை.

அப்பா உடம்பு தேறியதும், நன்றி சொல்ல அவரை அழைத்துவந்தேன். டாக்டரம்மா வேனில் போயிருந்தார். அப்பா போர்டு முன்னால் நின்று, பழக்கம் விடாமல், ஒவ்வொரு வரியாக நீளத்தை அளந்துகொண்டே கீழே வந்தார். கடைசி வரியில் கறையைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"யாரு அழிச்சது?"

"அவங்களேதான்பா."

அப்பா மறுபடியும் தலையைத் தூக்கி மேலே உள்ள நீள நீளமான வரிகளைப் பார்த்தார். நான் கேட்டேன், அன்றைக்குக் கம்பியை விட்டது நீயாகவா, மயக்கத்திலா என்று.

"நானாத்தான் வுட்டேன்" என்றார் கரகரத்த குரலில். "நான் வாணாங்கிறது தெரிஞ்சும் எங்கிட்டயே ஃபெயிலுன்னு சொல்லிச்சே. அப்ப தொண்ட தாங்காதுன்னதும் நெசமாத்தான் இருக்கும்னு வுட்டேன்."

அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. குரோம்பேட்டையில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் அழைத்துப்போனேன். வாசலில் இரண்டு வரி நிறையப் பட்டங்கள். அப்பா அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். டாக்டர், எந்தக் கால் என்று கேட்டு, கையை நீட்டினார். அப்பா காலைக் கொடுக்கவில்லை. வேட்டியை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுக்கு டாக்டரு இல்ல? அத மொதல்ல சொல்லு சார்."

மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைக் கையமர்த்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உண்மையாகவே யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"முதுகு" என்றார் கடைசியில். "முதுகுத்தண்டு எனக்கு அவ்வளவா வராதுங்க."

அப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, காலை அவர் பக்கம் நீட்டினார்.